காரின் வெடிச் சத்தம்: குறைபாடு விற்பனைப் பொருளான கதை

விளையாட்டு ரகக் கார்கள் கியர் மாறும் வேளையில் பின்புறக் குழாயிலிருந்து படபடவென வெடிச் சத்தம் எழுப்புவதைப் பலரும் கேட்டிருப்பர். அது இயந்திரத்தின் வலிமையைப் பறைசாற்றும் சத்தம் என்று எண்ணுவோர் அநேகர். உண்மையில் அது வீணாகும் பெற்றோலின் சத்தம். சிலிண்டருக்குள் எரிந்து சக்கரத்தைச் சுழற்றியிருக்க வேண்டிய எரிபொருள், அங்கு எரியாமல் வெளியேறிக் குழாயில் எரிகிறது. பொறியியலாளர்கள் அரும்பாடுபட்டு ஒழித்த இக்குறைபாடு, பின்னர் விலை கொடுத்து வாங்கும் பொருளாக மாறியது மோட்டார் வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

காபரேட்டர் காலத்தில் இச்சத்தம் தானாகவே எழுந்தது. கியரை மாற்றுவதற்காகச் சாரதி அக்சலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று நுழையும் வழி அடைபடும். இயந்திரமோ வேகம் தணியாமல் சுழன்றுகொண்டிருக்கும். அந்த உறிஞ்சலில் பெற்றோல் தொடர்ந்து இழுபடும். காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுந்த கலவை ஒழுங்காகத் தீப்பற்றாது. எரியாத ஆவி, கொதிக்கும் வெளியேற்றுக் குழாயில் காற்றைச் சந்தித்ததும் வெடிக்கும். பந்தயக் கார்களில் சத்தத்தைத் தணிக்கும் சைலன்சர் பெயரளவில்தான் இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. எனவே வெடிப்பு முழு வீச்சுடன் வெளியே கேட்டது.

1967 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் 'டி-ஜெட்ரோனிக்' அமைப்பை அறிமுகப்படுத்தியது. இத்தகைய அமைப்புகள் வளர்ச்சியடைந்தபோது, சாரதி காலை எடுத்த மறுகணமே பெற்றோலை நிறுத்திவிடுவது எளிதாயிற்று. 1975 முதல் அமெரிக்கக் கார்களிலும், 1992 இன் பின்னர் ஐரோப்பியக் கார்களிலும் நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கி மாற்றிகள் பரவலாகின. எரியாத பெற்றோல் அதனுள் சென்று எரிந்தால் அது சூடேறி உருகிப் பாழாகும். ஆக, வீதிகளில் ஓடும் கார்களில் இச்சத்தம் ஏறத்தாழ ஓய்ந்தே போயிற்று.

பந்தயக் களத்தில் நிகழ்ந்தது வேறு. 1980 இல் ஜெனீவா கண்காட்சியில் அவுடி நிறுவனம் 'குவாத்ரோ' காரை வெளியிட்டதன் பின்னர், ரலி பந்தயங்களில் டேர்போ இயந்திரமும் நான்கு சக்கர உந்துவிசையும் ஆதிக்கம் பெற்றன. டேர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, இயந்திரத்துக்குள் மேலதிகக் காற்றைத் திணிக்கும் சுழலி. சாரதி காலை எடுத்தால் புகை குறையும், சுழலியும் தளரும். மீண்டும் மிதித்தால் வலிமை திரும்பச் சற்றே நேரம் பிடிக்கும். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் அத்தாமதம் வெற்றியைப் பறித்துவிடும்.

இதற்கு லான்சியா நிறுவனம் கண்ட தீர்வு ஒருவகை. 1985 இல் வந்த அதன் 'டெல்டா எஸ்4' காரில், டேர்போவுடன் இயந்திரத்தாலேயே இயக்கப்படும் மற்றொரு காற்றழுத்தியையும் பொருத்தியது. எனினும் 1986 மே 2 ஆம் திகதி கோர்சிகா தீவில் அக்கார் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்து, பின்லாந்து வீரர் ஹென்றி தொய்வோனனும் துணைச்சாரதி செர்ஜியோ கிரெஸ்டோவும் மாண்டனர். அதே ஆண்டு மார்ச்சில் போர்த்துக்கலில் வேறொரு பந்தயக் கார் கூட்டத்துள் பாய்ந்து பார்வையாளர்களைப் பலிகொண்டிருந்தது. 'குரூப் பி' எனப்பட்ட அந்த அசுர கார்கள் அந்த ஆண்டுடன் தடை செய்யப்பட்டன.

தாமதத்தை வெல்லும் வேட்கை மட்டும் தடைபடவில்லை. 1990களின் ரலி கார்களில் நிலைபெற்ற வழி, பழைய குறைபாட்டையே ஆயுதமாக்கியது. சாரதி காலை எடுத்தாலும் சிறிதளவு காற்றும் பெற்றோலும் உள்ளே விடப்படும். தீப்பொறி வேண்டுமென்றே பிந்தி அடிக்கும். கலவை சிலிண்டருக்கு வெளியே, சுழலியின் வாசலில் எரிந்து அதைத் தொடர்ந்து சுழற்றும். காட்டுப்பாதைகளில் ஒலித்த துப்பாக்கி வேட்டுச் சத்தம் இதனால் எழுந்ததே. சுழலியும் குழாய்களும் செந்தணலாகி விரைவில் தேய்ந்துபோகும். பந்தய அணிகள் அவற்றை மாற்றிக்கொண்டே இருக்கும். 1994 இல் வந்த ரொயோட்டா செலிக்கா ஜிடி-போர் காரில், பந்தய விதிக்காக இவ்வமைப்பின் பாகங்கள் வீதிக் கார்களிலும் பொருத்தப்பட்டன; ஆயினும் அவை இயங்காதவாறே விற்கப்பட்டன. அன்று உற்பத்தியாளருக்கு இருந்த நிதானம் அது!

கியரை உயர்த்தும்போது எழும் ஒற்றை வெடிக்குக் காரணம் சற்று வேறானது. இரட்டைக் கிளட்ச் கொண்ட கியர்ப் பெட்டியை 2003 இல் வொக்ஸ்வேகன் 'கோல்ப் ஆர்32' காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாரதி காலை எடுக்காமலே அது கியரை மாற்றும். அக்கணத்தில் இயந்திரத்தின் விசையைத் தணிப்பதற்காகக் கணினி தீப்பொறியைப் பிந்தச் செய்கிறது. சரிவர எரியாத மிச்சம் குழாயில் வெடிக்கிறது. இதற்காவது ஒரு தொழில்நுட்ப நியாயம் உண்டு.

அதன்பின் வந்தவற்றுக்கு அந்நியாயமும் இல்லை. 2013 இல் வெளிவந்த ஜாகுவார் 'எப்-டைப்' போன்ற கார்களில், காலை எடுத்ததும் வெடிக்கும்படி கணினி நிரலே எழுதப்பட்டது. வேகத்துக்கு அது இம்மியும் உதவாது. வாடிக்கையாளர் சத்தத்தை விரும்பினர், நிறுவனங்கள் விற்றன. இதைக் கண்ட இளைஞர்கள் சாதாரணக் கார்களின் கணினியையும் மாற்றுவித்து, ஊக்கி மாற்றியையும் வால்வுகளையும் பணம் கொடுத்துப் பாழாக்கிக்கொள்கின்றனர். நள்ளிரவில் உறக்கம் கலையும் குடியிருப்பாளர்களை எவரும் கேட்பதில்லை. 2022 இல் பிரித்தானியாவின் நான்கு இடங்களில், அளவுமீறிய சத்தத்தைப் பதிந்து இலக்கத்தகட்டைப் படமெடுக்கும் கெமராக்கள் பரீட்சிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் இயற்றிய சட்டமும் சாதாரணக் கார்களின் சத்த எல்லையைப் படிப்படியாக 68 டெசிபலுக்குக் குறைத்தது.

மின்சாரக் காரில் பெற்றோலும் இல்லை, புகைக்குழாயும் இல்லை. ஆயினும் ஹூண்டாய் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட 'அயோனிக் 5 என்' காரில் கியர் மாறுவது போன்ற போலிக் குலுக்கலும், ஒலிபெருக்கி வழியே வெடிச் சத்தமும் தரப்பட்டுள்ளன. ஒலிபெருக்கிகளுள் இரண்டு காருக்கு வெளியே, வீதியை நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கின்றன.