போர்க்காலப் பரப்புரையும் மலாயாத் தமிழரும் (1941–1945)

முன்னுரை

பரப்புரை என்றவுடன் பொய் என்னும் எண்ணமே பலருக்கு எழுகின்றது. ஆயினும் பொய்யை மட்டுமே முதலாகக் கொண்ட பரப்புரை நெடுநாள் நிலைப்பதில்லை. கேட்போர் உள்ளத்தில் முன்பே குடிகொண்டிருக்கும் உண்மையான குறையையும் ஏக்கத்தையும் பற்றிக்கொண்டு வளரும் பரப்புரையே வலிமை பெறுகின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் எதிர்கொண்ட பரப்புரைகள் இதற்குத் தக்க சான்றாகும். ஆசிய விடுதலையைப் பற்றிப் பேசிய ஓர் ஆட்சியின் கீழ், ஒரு சாரார் இந்திய விடுதலைப் படையில் சேர்ந்தனர். மற்றொரு சாரார் சயாம் மரண இரயில் பாதையில் மாண்டனர். இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரப்புரை: சொல்லும் வகையும்

பரப்புரையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல், 1622இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நிறுவிய சமயப் பரப்புச் சபையின் பெயரிலிருந்து வழங்கலாயிற்று. அன்று அதற்கு இழிபொருள் இல்லை. முதல் உலகப் போரில் அரசுகள் மக்களைத் திரட்டக் கையாண்ட முறைகள் பின்னர் வெளிப்பட்டபோதே அச்சொல் ஐயத்திற்கு உரியதாயிற்று.

1937இல் நியூயார்க்கில் தோன்றிய பரப்புரை ஆய்வு நிறுவனம் ஏழு உத்திகளை வகைப்படுத்தியது. அவற்றுள் நான்கு இங்குக் கருதத்தக்கவை. எதிரிக்கு இழிபெயர் சூட்டல். விடுதலை, மானம் போன்ற ஒளிமிகு பொதுச்சொற்களால் மயக்கல். மதிப்புடைய ஒன்றின் பெருமையைத் தன்மீது ஏற்றிக்கொள்ளல். தனக்குச் சாதகமானவற்றை மட்டும் அடுக்கி ஏனையவற்றை மறைத்தல் ஆகியன அவை. சொல்பவர் யார் என்பதைக் கொண்டும் பரப்புரையைப் பகுப்பதுண்டு. தன் பெயரை வெளிப்படையாகக் கூறுவது வெள்ளைப் பரப்புரை; மூலத்தைத் தெளிவுபடுத்தாதது சாம்பல்நிறப் பரப்புரை; எதிரியின் குரலில் பேசுவது கருப்புப் பரப்புரை. இவற்றோடு மௌனத்தையும் சேர்த்தல் வேண்டும். தணிக்கை என்பது பேசாமலே செய்யப்படும் பரப்புரையாகும்.

அசைக்க முடியாத கோட்டையும் பினாங்கும்

சிங்கப்பூர் யாராலும் வெல்ல முடியாத கோட்டை என்பதே போருக்கு முன்னர்ப் பிரித்தானியர் வளர்த்த தோற்றம். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். டிசம்பர் 10இல் பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அடுத்த சில நாள்களில் பினாங்கிலிருந்த ஐரோப்பியர் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். வெள்ளையர் ஆட்சி தம்மைக் காக்கும் என்னும் நம்பிக்கையை எதிரியின் துண்டறிக்கைகளைவிட இச்செயலே பெரிதும் தகர்த்தது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்வு நினைவுகூரத்தக்கது. பினாங்கின் ஆங்கில நாளேட்டு ஆசிரியராகவும் இலங்கைத் தமிழராகவும் விளங்கிய மா. சரவணமுத்து, அங்கு எஞ்சியிருந்த மக்களின் பொறுப்பை ஏற்றார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரித்தானியக் கொடியை இறக்கச் செய்து, நகரில் படையினர் எவரும் இல்லை என்பதை வானொலி வழியே ஜப்பானியருக்கு அறிவித்தார். குண்டுவீச்சிலிருந்து நகரைக் காக்கவே அவர் இவ்வாறு செய்தார். ஆட்சியின் பெருமையைப் பேசிவந்த ஊடகம் உள்ளதை உள்ளவாறு கூறுதற்கும் பயன்பட்டது. ஆகவே கருவியைவிட அதனைக் கையாளும் நோக்கமே ஆராயத்தக்கது என்பது புலனாகின்றது.

தோட்டப்புறக் குறைகளும் ஜப்பானியர் குரலும்

ஜப்பானியரின் பேச்சுக்குத் தோட்டப்புறத்தில் செவிசாய்ப்போர் இருந்தமைக்கு வலுவான காரணம் உண்டு. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும்; கள்ளுக்கடைகளை மூட வேண்டும்; துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளுள் சில. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது பணத்தைப் பற்றியதன்று, மானத்தைப் பற்றியது. மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்தனர்.

ஆசியா ஆசியர்க்கே என்பது அவர்களின் முழக்கம். மேலே சுட்டிய ஒளிமிகு பொதுச்சொல் உத்திக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. இந்தியப் படைவீரர்களைத் தம் பக்கம் ஈர்க்கும் பணி மேஜர் புஜிவாரா தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, பேரர் பூங்காத் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரட்டப்பட்டனர். அங்குப் புஜிவாராவும் மோகன் சிங்கும் அவர்களிடம் உரையாற்றினர். தோற்ற படையின் கைதிகளாக நின்றவர்கள் விடுதலை வீரர்களாக விளிக்கப்பட்டனர்.

அதே வாரத்தில் சிங்கப்பூரில் சீன ஆடவர் ஆயிரக்கணக்கில் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஆசியர்க்கே ஆசியா என்ற முழக்கத்தின் மறுபக்கம் இது. சிங்கப்பூர் சியோனான் எனப் பெயர் மாற்றப்பட்டது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு மாற்றப்பட்டன. வெளிநாட்டு வானொலியைக் கேட்பது குற்றமாயிற்று. தமக்கு உகந்ததைச் சொல்வதோடு, வேறு எதனையும் கேட்கவிடாமல் தடுப்பதும் பரப்புரையின் பகுதியாயிற்று.

படைக்குச் சென்றோர்

1943 ஜூலை 2இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தடைந்தார். ஜூலை 5இல் பாடாங் திடலில் படையினரை நோக்கி டில்லி சலோ என முழங்கினார். அக்டோபர் 21இல் கத்தே அரங்கில் தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பெண்மக்களும் பொருளையும் பொன்னையும் வழங்கினர். பலர் தம்மையே வழங்கினர். கோலாலம்பூர்க் கூட்டமொன்றில் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த இளம்பெண் ஜானகி பின்னர்ப் பெண்கள் படையில் உயர்பொறுப்பு வகித்தார்.

இதனை ஜப்பானியப் பரப்புரையின் வெற்றி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஜப்பானியருக்குத் தம் போர் நோக்கம் இருந்தது. போசுக்கும் அவரைப் பின்பற்றியோர்க்கும் தம் நாட்டு விடுதலை நோக்கம் இருந்தது. பெரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிடக் கேட்டு நின்ற ஒருவரை, நாட்டின் பொருட்டுப் போராட வருக என ஒரு தலைவர் அழைத்தபோது, அவ்வழைப்பு அவரது மானத்தைத் தொட்டது. அந்த உணர்ச்சி பொய்யன்று. எனினும், இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்படுவதிலிருந்து தப்பப் படையில் சேர்ந்தோரும் இருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. சேர்ந்தோர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பரப்புரையின் செல்வாக்கை அளத்தல் பிழையாகும்.

சயாமுக்குச் சென்றோர்

சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை 1942இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. போர்க் கைதிகளோடு ஆசியத் தொழிலாளரும் இலட்சக்கணக்கில் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகின்றது; அவருள் பெரும்பாலோர் தமிழர்.

இங்குப் பரப்புரை வேறு வடிவம் கொண்டது. பெருமுழக்கம் இல்லை, கொடி இல்லை. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, இலவச உணவு, தங்குமிடம், மருத்துவம் என்பனவே வாக்குறுதிகள். போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் அருகிப் பசி நிலவிய காலம் அது. எழுத்தறியாத தொழிலாளரிடையே சுவரொட்டியைவிட வாய்ச்சொல்லே வலிமையுடையது. நன்கு அறிமுகமான கிராணியோ கங்காணியோ சொல்லும்போது, ஆட்சியின் ஆணை அண்டை வீட்டார் அறிவுரை போல் ஒலித்தது. இலவசத் திரைப்படம் காட்டுவதாக அழைத்துக் கதவை அடைத்து ஆள் பிடித்தனர் என்னும் செய்தி வாய்மொழி வரலாறுகளில் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றது.

சென்றவர்கள் குறித்த காலத்தில் திரும்பவில்லை. காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் பல்லாயிரவரைக் கொன்றன. இறப்புச் செய்தி மெல்லக் கசிந்தபோது வாக்குறுதிகளை நம்புவார் குறைந்தனர். அதன்பின் தோட்டங்கள் ஆள் கணக்குத் தர வேண்டியதாயிற்று. தெருவில் நின்றோரும் பிடிக்கப்பட்டனர். பரப்புரை வலுவிழந்த இடத்தில் வன்முறை அதன் வேலையைத் தொடர்ந்தது.

போருக்குப் பின்

1945 ஜூலை 8இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் இந்திய தேசிய இராணுவ வீரர் நினைவுச் சின்னத்திற்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரித்தானியர் செப்டம்பரில் அதனைத் தகர்த்தனர். நினைவுச் சின்னத்தை எழுப்புவதும் அதனை இடிப்பதும் மக்கள் நினைவை ஆளும் முயற்சிகளே. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. அவர்களை அழைத்தபோது பேசியவர்கள் பலர். மாண்டபின் அவர்களைப் பற்றி நெடுங்காலம் எவரும் பேசவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மலாயாத் தமிழர் அறியாமையால் ஏமாந்தனர் என்னும் எளிய முடிவு ஏற்கத்தக்கதன்று என்பது தெளிவாகும். அவர்கள் கோரிய மானமும் கூலியும் நியாயமானவை. அவற்றை ஆண்டவர் மறுத்தமையாலேயே வந்தவர் வாக்குறுதி எடுபட்டது. நியாயமான குறை நெடுநாள் தீர்க்கப்படாத சமூகத்தில் எவருடைய பரப்புரையும் எளிதில் வேரூன்றும்.

ஆதலின் ஒரு செய்தியை மெய்யா பொய்யா என்று வினவுவதோடு நிறைவடைதல் போதாது. அது நம்முடைய எந்தக் குறையைத் தொட்டுப் பேசுகின்றது, அதனால் பயனடைவோர் யார், எதனைச் சொல்லாமல் விடுகின்றது என்பனவற்றையும் ஆராய வேண்டும். மூன்று மாதம் என்று சொல்லிச் சென்ற தந்தையின் வரவை நோக்கி லயத்து வாசலில் காத்திருந்த குடும்பங்களின் வாய்மொழிச் சான்றுகள், சொல்லாமல் விடப்பட்டவற்றை இன்று நமக்குச் சொல்லுகின்றன. அவற்றைத் தொகுத்துக் காப்பது வரலாற்று மாணவரின் கடமையாகும்.