அக்கா போகாத முகாம்

போன மாதம் பாரீசிலிருந்து வந்திருந்த தங்கை மகள், "மாமா, ஊருக்குத் திரும்பினதும் ஃப்ரொத்திக்குப் போகணும், கடுதாசி வந்திருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னாள். ஃப்ரொத்தி என்றால் தேய்த்தெடுப்பது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை. அங்கே 25 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு அழைப்பு வீட்டுக்கே வருகிறதாம். எனக்கு என் அக்காவின் நினைவு வந்துவிட்டது.

இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவர் கிரேக்க நாட்டிலிருந்து அமெரிக்கா போன பாபனிக்கொலாவ். தன் மனைவியிடமிருந்தே பல ஆண்டுகள் மாதிரி எடுத்து ஆராய்ந்தார். 1928இல் அவர் சொன்னபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1943இல் டிரௌட் என்ற மருத்துவரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அதற்கு நுண்ணோக்கி வேண்டும், பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். முடிவு வர நாளாகும், அதற்குள் கிராமத்துப் பெண் மறுபடி வராமலே போய்விடுவாள். எனவே 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் வேறு வழி பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கத் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் கெட்ட இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடலாம். 30 முதல் 59 வயதுவரை 49,311 பெண்களை அழைத்தார்கள். வந்தவர்கள் 31,343 பேர். அழைப்பு போன ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

வராத ஏறக்குறைய 18,000 பேர் யார்? இளம் வயதினர், கொஞ்சமாவது படித்தவர்கள், கணவனோடு வாழ்பவர்கள், கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரி பழகியவர்கள் அதிகம் வந்திருந்தார்கள். வயதானவர்களும் துணையை இழந்தவர்களும்தான் அதிகம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

என் அக்காவும் அப்படித்தான். எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு முகாம் நடந்தது. அதன் நோட்டீஸை ஆபீசில் டைப் அடித்ததே நான்தான். அந்த வார்த்தையை வீட்டில் சொல்லக் கூச்சம். நோட்டீஸை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். படித்துவிட்டு, "மாமா போயி பதினஞ்சு வருஷமாச்சு, இனி எனக்கெதுக்குடா?" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் புகுந்த வைரஸ் பத்து, இருபது வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் புற்றாக மாறலாம். கணவன் போய்விட்டதால் ஆபத்தும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இது அன்றைக்கு அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தீட்டு நின்று பல வருஷம் கழித்து ரத்தம் பட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது இச்சோதனை செய்துகொண்ட பெண்கள் இந்தியாவில் 100க்கு 2 பேர்கூட இல்லை.

இதைப் படிக்கும் என் வயது நண்பர்களே, நோட்டீஸை மேஜைமேல் வைத்துவிட்டு வராதீர்கள். அக்கா, தங்கை, மனைவி, மகள், மருமகள், யாராக இருந்தாலும் கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடவே போய் வெளியே உட்கார்ந்திருங்கள்.