தனி ஆவர்த்தனமும் தோலும்

சென்னையில் டிசம்பர் சீசன் கச்சேரிக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பாடகர் பிரதான உருப்படியை முடித்துவிட்டுத் தனி ஆவர்த்தனத்துக்கு வழிவிடுவார். அந்த நிமிடமே நாற்காலிகள் காலியாகும். பழுத்த ரசிகர்கள் கேண்டீன் பக்கம் போய்விடுவார்கள். பாலக்காடு மணி ஐயரோடு மிருதங்கமே போயிற்று என்ற சலிப்பும் அடை அவியலோடு அங்கே பரிமாறப்படும்.

அந்த மணி ஐயரின் மிருதங்கத்தைச் செய்தது யார்? தஞ்சாவூர் பர்லாந்து. தலித் கிறிஸ்தவர். பலாமரக் கட்டையோடு மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்தால்தான் மிருதங்கம். எந்தத் தோல் பேசும், எது பேசாது என்பதைத் தடவிப் பார்த்தே சொல்லும் அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. வித்வான் கேட்ட நாதம் வரும்வரை பிரித்து, மறுபடி மூட்டி, வார் இழுத்து உழைத்தவர்களின் காதுக்கு ரசிகர் என்ற பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் 'வேலைக்காரர்கள்'.

இந்த ரசனை வானத்திலிருந்து விழவில்லை. 1927 சென்னை காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானது. எது சுத்தம், எது துக்கடா என்று பிராமணர்கள் நிறைந்த சபாக்கள் தீர்ப்புச் சொல்லத் தொடங்கின. தமிழில் பாடு என்று 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது அகாடமி எதிர்த்து நின்றது; 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தேவையான சண்டைதான். ஆனால் எங்கள் பார்வையில் அது மொழியோடு நின்றுவிட்டது. தோலைத் தொட்ட கை யாருடையது என்ற கேள்வி அந்த மேடைக்கும் வந்து சேரவில்லை.

அந்தக் கேள்வியை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' நூலில் எழுப்பினார். பசுவைக் கும்பிடுகிறவரின் மடியில் பசுத்தோல் எப்படி வந்தது என்று விவரமாக எழுதினார். 2020இல் வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, நூலில் அரசியல் இருக்கிறது என்று அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது.

கச்சேரி அழைப்பிதழில் பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். கீழே நன்கொடை தந்த வங்கியின் பெயரும் இருக்கும். மிருதங்கம் செய்தவர் பெயர் போட்ட அழைப்பிதழ் இதுவரை எங்கள் கைக்கு வரவில்லை.