‘சரியாயிட்டானா?’: கொல்லிமலைக் குகையிலிருந்து ஹிக்கிகொமோரி அனிமே வரை

முதல்ல ஸ்பாய்லர் எச்சரிக்கை. ‘வெல்கம் டு தி என்.ஹெச்.கே.’, ‘அனோஹனா’, ‘ரெகவரி ஆஃப் அன் எம்.எம்.ஓ. ஜங்கி’. இந்த மூணு அனிமேவோட கடைசி எபிசோடையும் இன்னைக்குப் போட்டு உடைக்கப்போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, நாங்க இங்கதான் இருப்போம்.

இன்னைக்கு கேள்வி ஒண்ணுதான். ஒருத்தன் எல்லாத்தையும் விட்டுட்டு உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டான். அந்தக் கதையை எப்படி முடிக்கறது?

இதை நான் வெறும் அனிமே ரசிகனா மட்டும் கேட்கல. என் காலேஜ் பேட்ச்ல ஒருத்தன் லே-ஆஃபுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் ரூமை விட்டு வரல. இப்போ சாயங்காலத்துல சொந்தக்காரர் ஜெராக்ஸ் கடையில உட்கார்றான். கல்யாணத்துக்கு வரமாட்டான், போன் அடிச்சா எடுக்கமாட்டான், மெசேஜுக்கு மட்டும் ராத்திரி பதில் வரும். அவனைப் பத்திப் பேச்சு வந்தாலே எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு: “அவன் சரியாயிட்டானா?” இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்வியைப் பத்திதான்.

ஜப்பானுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம கொல்லிமலைக்கு ஒரு ட்ரிப் அடிச்சுடலாம். நாமக்கல் மாவட்டம். காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். பைக்ல போனவங்களுக்குத் தெரியும், முப்பதாவது வளைவுலயே கை வலிக்க ஆரம்பிச்சிடும். வல்வில் ஓரி ஆண்ட மலை, சங்கப் பாட்டுலயே பேர் இருக்கிற மலை. நான் இந்த மலையை எடுத்ததுக்கு வேற காரணம் இருக்கு. ஊரை விட்டு ஒதுங்கறதைப் பத்தி தமிழ்ல இருக்கிற மூணு விதமான முடிவும் இந்த ஒரே மலையில கிடைக்குது.

முதல் முடிவு சித்தர் முடிவு. அறப்பளீஸ்வரர் கோயில்ல இருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். அந்தப் பக்கம் கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகைன்னு காட்டுவாங்க. உறவு, ஊர், சொத்து எல்லாத்தையும் விட்டுட்டு குகைக்குள்ள போனவர் சித்தி அடைஞ்சார்னு கதை அங்கேயே முடிஞ்சிடும். யோசிச்சுப் பாருங்க, இது ஒரு சுத்தமான ஹேப்பி எண்டிங். கேமரா குகை வாசல்லயே நின்னுடுது. உள்ள இருந்தவருக்கு யார் கஞ்சி கொண்டுபோனாங்க, அவங்க அம்மா எத்தனை வருஷம் வாசலைப் பார்த்துட்டு இருந்தாங்க, இதெல்லாம் கதையில கிடையாது.

ரெண்டாவது, கொல்லிப்பாவை முடிவு. இந்த மலையில இருக்கிற ஒரு பாவை, பார்க்கறவங்களை அழகால இழுத்துக் கொன்னுடும்ங்கறது பழைய நம்பிக்கை. இன்னைக்கும் எட்டுக்கை அம்மன் கோயிலை கொல்லிப்பாவை கோயில்னு சொல்றவங்க உண்டு. தனியா மலைக்குள்ள போனவன் திரும்பி வரல, அவ்வளவுதான் கதை. முழு சோகம். இதுலயும் கேமரா வெளியிலதான் நிக்குது.

மூணாவது முடிவை யாரும் ரீல்ஸ் போடறதில்ல. இங்க வாழ்ற பழங்குடி மக்களுக்கு மலையாளின்னு பேர். கேரளாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, மலையில வாழ்றவங்கன்னு அர்த்தம். தங்க முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்த அண்ணன் தம்பிங்கன்னு இவங்க ஒரு கதை சொல்றாங்க. 1909ல வெளியான எட்கர் தர்ஸ்டன் தொகுதிகள்லயே இது பதிவாகியிருக்கு. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைன்னு சகோதரர்கள் ஆளுக்கு ஒரு மலையா பிரிஞ்சு போனாங்களாம். ஆவணத்துல நிரூபிச்ச வரலாறுன்னு இதை நான் சொல்லல, ஒரு சமூகம் தன்னைப் பத்தி சொல்லிக்கிற கதைன்னு எடுத்துக்கங்க. ஆனா அது எங்க போய் முடியுதுன்னு பாருங்க. மலை ஏறினதோட முடியல. ஏறினாங்க, காட்டைத் திருத்தினாங்க, சாமை, தினை, கேழ்வரகு போட்டாங்க, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடுன்னு நாடு நாடா ஊர் அமைச்சாங்க. விட்டுட்டு வந்த ஊரும் திரும்பக் கிடைக்கல, சகோதரர்களும் ஒண்ணா இல்ல. ஆனா அடுத்த நாள் காலையில உழவு இருந்துச்சு.

இழப்பு சரியாகல, வாழ்க்கை நிக்கவும் இல்ல. ‘பிட்டர்ஸ்வீட்’னு நாம சொல்றது இதைத்தான். இந்த மூணையும் மனசுல வெச்சுக்கங்க, இப்போ ஜப்பான்.

1998ல தமாகி சைத்தோன்னு ஒரு மனநல மருத்துவர் ஒரு புத்தகம் எழுதறார். ‘ஹிக்கிகொமோரி’ங்கற வார்த்தை வீட்டுக்கு வீடு தெரிஞ்சதுல அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ள இழுத்துக்கிட்டு அடைஞ்சு கிடக்கறதுன்னு அர்த்தம். 6 மாசத்துக்கு மேல வேலை, படிப்பு, வெளிப்பழக்கம் எதுவும் இல்லாம வீட்டுக்குள்ளேயே இருக்கிறவங்களைக் குறிக்க அவர் இந்த வார்த்தையைப் பயன்படுத்தினார். அவர் அப்போ பேசினது பெரும்பாலும் இளைஞர்களைப் பத்தி.

2002ல தட்சுஹிகோ தாகிமொதோ ‘என்.ஹெச்.கே.’ நாவலை எழுதறார். தானும் அப்படி அடைஞ்சு கிடந்தவன்தான்னு சொல்லிக்கிட்ட எழுத்தாளர். 2006ல அது 24 எபிசோட் அனிமேவா வருது. ஹீரோ சாத்தோவுக்கு 22 வயசு, காலேஜை பாதியில விட்டவன். என்.ஹெச்.கே. நிஜத்துல ஜப்பானோட பொது ஒளிபரப்பு நிறுவனம். ஆனா சாத்தோ அதை ‘நிப்பான் ஹிக்கிகொமோரி சங்கம்’னு நம்பறான். தன்னை மாதிரி ஆளுங்களை உருவாக்கற சதிக் கும்பலாம். மிசாகின்னு ஒரு பொண்ணு, உன்னை நான் குணமாக்கறேன்னு வந்து நிக்கறா.

வழக்கமான கதையா இருந்தா அவ அன்புல அவன் குணமாயிருப்பான். இங்க அவனை வெளியே தள்றது பசி. பக்கத்து ரூம் நண்பன் யமசாகி ஹொக்கைதோவுல இருக்கிற குடும்பப் பண்ணைக்குத் திரும்பிப் போயிடறான். வீட்டுல இருந்து வர்ற பணமும் நின்னுடுது. சாப்பிட வேணும்னா வேலைக்குப் போயாகணும். கடைசியில சாத்தோ ரோட்டுல டிராஃபிக்கை வழிவிட்டு அனுப்பற பார்ட்-டைம் வேலை பார்க்கறான். குணமாக்க வந்த மிசாகி, அவனைவிட உடைஞ்சு போனவள்னு தெரியவருது. ஒருத்தர் உயிருக்கு இன்னொருத்தர் பிணைன்னு ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கறாங்க. அந்தப் பிணைச் சங்கத்துக்குப் பேரும் என்.ஹெச்.கே.தான். அப்படி ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கறது நல்ல உறவுக்கு மாதிரின்னு நான் சொல்லமாட்டேன். ஆனா கதை பொய் சொல்லல. யாரும் சரியாகல, ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க, நாளைக்கு ஷிஃப்ட் இருக்கு.

அடுத்து 2011, ‘அனோஹனா’. 11 எபிசோட். ஸ்கூலுக்குப் போறதை நிறுத்தின ஜிந்தா முன்னாடி, சின்ன வயசுல செத்துப்போன தோழி மென்மா வந்து நிக்கறா. கடைசியில பழைய நண்பர்கள் ஒண்ணு சேர்றாங்க, அவ போயிடறா. ஜிந்தா மறுபடி ஸ்கூல் போறான், ஆனா இழந்தது இழந்ததுதான். எழுதினவர் மாரி ஒகாதா. கதை நடக்கிற ஊருக்கு மாதிரி, அவர் பிறந்து வளர்ந்த சிச்சிபு. நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஊர். சின்ன வயசுல தானே வருஷக்கணக்குல ஸ்கூலுக்குப் போகாம வீட்டுல இருந்தவர் அவர். அதை 2017ல சுயசரிதையாவே எழுதினார். அனோஹனாவுக்கு அப்புறம் ரசிகர்கள் சிச்சிபுவைத் தேடிப் போக ஆரம்பிச்சாங்க. 34 கன்னோன் கோயில்களுக்கு பக்தர்கள் நடை போற பழைய யாத்திரை ஊர் அது. இப்போ புதுசா இன்னொரு யாத்திரை, ஒரு பாலத்தைப் பார்க்கறதுக்கு.

இன்னொரு பக்கம் 2017ல வந்த ‘எம்.எம்.ஓ. ஜங்கி’. 30 வயசு மொரிகோ கார்ப்பரேட் வேலையை விட்டுட்டு ஆன்லைன் கேமுக்குள்ள போயிடறா. கேம்ல பழகினவரும் நேர்ல தற்செயலா மோதினவரும் ஒரே ஆள். காதல் தொடங்கற இடத்துல கதை சுபம். வாடகை யார் கட்டறாங்கங்கற கேள்விக்குள்ள கதை பெருசா போகல. எனக்கு இந்த ஷோ பிடிக்கும், கிண்டல் பண்ணல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்க்ரீன் வெளிச்சத்துல தனியா உட்கார்ந்திருக்கிறவனுக்கு, ‘உனக்கும் யாரோ இருக்காங்க’ன்னு ஒரு கதை சொன்னா அதுல தப்பே இல்ல. ஆசையைத் தூண்டறதுக்கு ஹேப்பி எண்டிங் வேணும்.

ஆனா சுபம் போட்டதுக்கு அப்புறம் நிஜத்துல என்ன ஆச்சுன்னு ஜப்பான் அரசோட கணக்கெடுப்பு சொல்லுது. 2016ல வெளியான அறிக்கைப்படி 15ல இருந்து 39 வயசுக்குள்ள சுமார் 5,41,000 பேர் ஹிக்கிகொமோரி. 40க்கு மேல என்ன நிலைமைன்னு அந்தக் கணக்குல கேட்கவே இல்ல. 2019ல கேட்டாங்க. 40ல இருந்து 64 வயசுக்குள்ள சுமார் 6,13,000 பேர். சைத்தோ எழுதின காலத்துல 20 வயசா இருந்தவன், இந்த அறிக்கை வரும்போது 40 தாண்டியிருப்பான். ஜப்பான்ல இதுக்கு ‘8050 பிரச்சினை’ன்னே பேர் வெச்சிட்டாங்க: 80 வயசு அம்மா அப்பா, அவங்க பென்ஷன்ல 50 வயசுப் பிள்ளை.

இந்த எண்களைப் பார்த்ததுக்கு அப்புறம் முடிவுகளைப் பத்தின என் பார்வையே மாறிடுச்சு. ‘குணமாயிட்டான், சுபம்’ங்கற கதைக்கு ஒரு பக்க விளைவு இருக்கு. குணமாகாதவனுக்கு அதுல இடமே கிடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு பாதி மட்டும் வெளியே வந்தவனை அந்தக் கதை தோல்வின்னு எழுதிடும். சித்தர் கதையும் அதே வேலையைத்தான் பண்ணுது, ஒதுங்கினா ஞானியா வரணும், இல்லன்னா கணக்குல சேராது. முழு சோகக் கதை அதைவிட மோசம், கதவு மூடினப்பவே ஆளை எழுதித் தள்ளிடுது. சாத்தோவோட டிராஃபிக் வேலைக்கு, ஜிந்தா போற ஸ்கூலுக்கு, சாமை விதைச்ச அண்ணன் தம்பிக்கு இடம் கொடுக்கிறது மூணாவது வகைக் கதை மட்டும்தான். பாதி தூரத்தையும் தூரம்னு அது எண்ணுது.

எங்க பேட்ச் பையன் கதைக்கும் இதை வெச்சுப் பார்க்கறேன். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் அவன் கடையில நிக்கறான். நூறு பேருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, நூறு பேர்கிட்ட சில்லறை வாங்கறான். ‘சரியாயிட்டானா?’ன்னு கேட்டா பதில் ‘இல்ல’. இன்னைக்குக் கடைக்குப் போனானான்னு கேட்டா பதில் ‘ஆமா’. ரெண்டும் உண்மை. எந்தக் கேள்வியைக் கேட்கறோம்ங்கறதுலதான் அவன் ஜெயிச்சானா தோத்தானாங்கறதே இருக்கு.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். உங்க வட்டத்துலயும் இப்படி ஒருத்தர் இருந்தா ‘எப்போ பழையபடி ஆவே?’ன்னு கேட்காதீங்க. நம்ம ஊர்ல அதைவிட நல்ல கேள்வி ஒண்ணு ரொம்ப நாளா இருக்கு, ‘சாப்டியா?’ன்னு. பதில் வரலன்னாலும் நாளைக்கு மறுபடி கேளுங்க. இதைக் கேட்கிற நீங்களே அந்த ரூமுக்குள்ள இருந்தா, பாரம் தாங்கலன்னா, டெலி மானஸ் 14416 இலவச எண், தமிழ்லயே பேசலாம்.

நீங்க பார்த்ததுல எந்த அனிமே இந்தக் கதையை நேர்மையா முடிச்சுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கறேன். வரட்டா மக்களே.