குயவனும் கையும்

அறபு மொழியில் 'யத்' என்னும் சொல்லுக்குக் கை என்பது நேர்ப்பொருள். ஆற்றல், உபகாரம் என்னும் பொருள்களும் அதற்குண்டு. தமிழிலோ கையூட்டு, கைவிலங்கு ஆகிய இரண்டும் கையிலேதான் தொடங்குகின்றன. கொடுத்து வசப்படுத்துவதும் பிடித்து அடக்குவதும் ஒரே கைதான் என்பதை, ஒரு சொல்லும் பேசாது உணர்த்திய சிறு பொம்மைப் படம் ஒன்றுண்டு. 'கை' என்பதே அதன் பெயர். செக்கோஸ்லோவாக்கியாவில் 1965ஆம் ஆண்டில் அதனை உருவாக்கியவர் யிர்ஷி திரன்கா. பிரான்ஸ் நாட்டின் அன்னெசி நகர விழாவில் அது பரிசும் பெற்றது.

1912இல் பில்சன் நகரில் பிறந்த திரன்கா, பொம்மலாட்டக் கலைஞர் யோசெப் ஸ்கூபாவிடம் பயின்றவர். பொம்மையைச் சிறிதே அசைத்து ஒரு படம், மீண்டும் அசைத்து மற்றொரு படம் என எடுப்பது அவர்தம் முறை. பொம்மையின் முகம் மாறுவதில்லை. ஒளியும் கோணமும் மாற, அதே முகத்தில் மகிழ்வையும் அச்சத்தையும் நாம் காண்கிறோம்.

கதை எளியது. ஒரு குயவன் தன் செடிக்குத் தொட்டி வனைகிறான். பெரியதோர் கை உள்ளே நுழைந்து, தன் உருவையே செய்யுமாறு பணிக்கிறது. அவன் மறுக்கிறான். பொருள் தந்து பார்க்கிறது, மயக்கிப் பார்க்கிறது, இறுதியில் கூண்டிலிட்டு, நூல்களால் பிணைத்து, கற்சிலை செதுக்க வைத்துப் பதக்கமும் சூட்டுகிறது. நூல்களை எரித்துத் தப்பியவன் வீட்டுக் கதவை ஆணியடித்து மூடுகிறான். அவனுடைய தொட்டியே தலையில் விழ, மாள்கிறான். அக்கையே அவனைச் சகல மரியாதைகளுடன் அடக்கம் செய்கிறது.

இதை எடுத்தவர் அரசின் பகைவராக வாழ்ந்தவரல்லர் என்பது கருதத்தக்கது. 1948இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய நாட்டில், அரசின் படக்கூடத்திலேயே அவர் பணியாற்றினார். அரசின் பட்டமும் பெற்றார். பதக்கத்தின் எடையை அவர் அறிந்திருந்தார்.

1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் அந்நாட்டினுள் புகுந்தன. 1969 டிசம்பர் 30இல் திரன்கா மறைந்தார். அதன் பின்னர் அப்படம் தடை செய்யப்பட்டது. 1989இல் அவ்வாட்சி வீழும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அந்நாட்டு மக்கள் அதனைக் காண இயலவில்லை. கலைஞனைப் போற்றி, அவன் கலையைப் பூட்டி வைத்தது கை.

விலங்கைக் கண்டு அஞ்சும் நாம் விருதைக் கண்டு அஞ்சுவதில்லை. அந்தக் குயவனோ இரண்டையும் வேண்டினானில்லை. தன் செடிக்கு ஒரு தொட்டி வனையவே விரும்பினான்.