தஞ்சோங் துவானுக்கு வரும் விருந்தாளிகள்

போர்ட்டிக்சன் வட்டாரத்தில் மார்ச் மாதத்து வெயிலில் அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்க்கிறவர்களுக்கு ஓர் அதிசயம் காத்திருக்கிறது. முற்பகல் பதினொரு மணி தொடங்கிப் பிற்பகல் மூன்று மணி வரை, சுமத்ரா பக்கமிருந்து கடலைத் தாண்டிப் பருந்துகள் கூட்டம் கூட்டமாக வந்து சேருகின்றன. சில நாள்களில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். அவை கரையேறும் இடம் தஞ்சோங் துவான். சுவாவிலிருந்து தெற்கே இறங்கி, லுக்குட், போர்ட்டிக்சன் பட்டணம், தெலுக் கெமாங் கடற்கரை எல்லாவற்றையும் கடந்தால் வரும் காட்டு முனை அது. தெலுக் கெமாங்கில் குளிக்காத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது. ஆனால், பக்கத்திலேயே இருக்கும் அந்தக் காட்டுக்குள் போய்ப் பறவை பார்த்தவர்கள் நம்மவரில் எத்தனை பேர்?

இந்தப் பருந்துகள் ஏன் இந்த முனையைத் தேடி வருகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வருகிறவற்றில் பெரும்பாலானவை தேன்பருந்துகள். குளவிக் கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்து உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்பவை. ஜப்பான், கொரியா, வடகிழக்குச் சீனா, சைபீரியா ஆகிய இடங்களில் குஞ்சு பொரிக்கும். அங்கே குளிர் வந்ததும் சுமத்ரா, ஜாவா, போர்னியோ பக்கம் வந்து தங்கும். வடக்கே வசந்தம் பிறக்கும்போது திரும்பவும் கிளம்பும். ஒரு வழிப் பயணமே பல ஆயிரம் கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தையும் இறக்கையடித்தே கடக்க எந்தப் பருந்துக்கும் பலம் கிடையாது. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் அனற்காற்றில் ஏறிக்கொண்டு, சுற்றிச் சுற்றி உயரம் பிடித்து, பிறகு சறுக்கிக்கொண்டே போகும். கடலின் மேல் அந்தக் காற்று எழும்புவதில்லை. அதனால் கடல் மிகக் குறுகிய இடமாகப் பார்த்துத் தாண்டுகின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கும் தஞ்சோங் துவானுக்கும் இடையே ஏறக்குறைய 38 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தை இறக்கையடித்துக் கடந்து, களைத்துப்போய், மர உச்சியை உரசுவதுபோல் தாழ்வாகக் கரையேறும்போது கீழே காடு இருந்தால் உட்காரலாம், காடு இல்லாவிட்டால்?

அங்கே காடு மிஞ்சியதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. போர்த்துக்கீசியர் இந்த முனைக்குக் கேப் ராச்சாடோ என்று பெயர் வைத்தார்கள். பிளந்த முனை என்று பொருள். 1606 ஆகஸ்ட் மாதத்தில் இதற்கு எதிரே இருந்த கடலில்தான் டச்சுக் கப்பற்படையும் போர்த்துக்கீசியக் கப்பற்படையும் மோதிக்கொண்டன. அப்போது மூழ்கிய நசாவ் என்ற டச்சுக் கப்பலை 1993இல் கடலடியில் கண்டுபிடித்தார்கள். இப்போது நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1863இல் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மண்ணாக இருந்தும், இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். 1921இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 80 ஹெக்டர். ஒரு நடுத்தரத் தோட்டத்தின் மூலைக்குக்கூடக் காணாது.

1921 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில்தான் இந்த வட்டாரத்தின் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்களாயின. கோடரி பிடித்தவர்களில், கன்று நட்டவர்களில், பால் வெட்டியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த தமிழர்கள். காட்டை அழித்தவர்கள் என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. வேறொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் என்று ஓர் ஏரி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் அரிவாள் மூக்கன்களும் கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். ஆகவே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை. 1790களில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். அந்தப் பத்திரம் தொலைந்துபோனதும் 1858இல் மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். சரணாலயம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

அந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் இங்கே ஏன் பறவையைப் பற்றிப் பேசவில்லை? வேடந்தாங்கலில் ஏரி ஊருக்குப் பொது, வயல் அவரவருக்குச் சொந்தம். தோட்டத்திலோ, குடியிருந்த லயத்து வீடே கம்பெனிக்குச் சொந்தம். எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்று தொழிலாளியிடம் யாரும் கேட்டதில்லை. தோட்ட நிர்வாகங்கள் பறவைக்கு இடம் கொடுத்ததும் லாபக் கணக்கில்தான். செம்பனை வந்த பிறகு, பழத்தைத் தின்னும் எலிகளைப் பிடிப்பதற்காக ஆந்தைகளுக்குக் கம்பம் நட்டுக் கூண்டு வைத்தார்கள். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று பயந்த பாட்டிமார்கள் அந்தக் கூண்டுகளை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது தனிக்கதை.

தோட்டங்கள் கைமாறி, செம்பனையாகி, பல வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. சுவாவை ஒட்டிய ஜிமா கடற்கரையில் 2009 முதல் நிலக்கரி மின் நிலையம் இயங்குகிறது. தஞ்சோங் துவான் மட்டும் அப்படியே நிற்கிறது. 1940இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகம், 2000ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்தத் தொடங்கியது. தொலைநோக்கி இல்லை என்று தயங்க வேண்டியதில்லை. கரையேறும்போது பருந்துகள் வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். தெலுக் கெமாங்கில் பிள்ளைகளைக் குளிக்கவிடும் பெற்றோர், மார்ச் மாதத்தில் ஒரு நாள் தண்ணீர்ப் புட்டியும் குடையும் எடுத்துக்கொண்டு, கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் தார்ச்சாலையில் நடந்தால் போதும். மேலே நின்று கடலைப் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு புள்ளி, அதன் பின்னால் பத்து, இருபது. கரையைத் தொட்டதும் சில மரத்தில் அமரும். மற்றவை காட்டுக்கு மேலே எழும் அனற்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, வடக்கே திரும்பி, செம்பனைத் தோட்டங்களுக்கு மேலாகப் போய்விடும்.