வழி எழுதாத விடைகள்

1910ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கும்பகோணத்திலிருந்து கிளம்பிய ஓர் இளைஞர் விழுப்புரத்தில் வண்டி மாறித் திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்தார். அன்று தென்னார்க்காட்டில் இருந்த அந்த ஊர் 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்கும், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் போனது. கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தேறாத சீனிவாச ராமானுஜன் அங்கே குமாஸ்தா வேலை கேட்டுச் சந்தித்தவர் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. ராமானுஜன் நீட்டிய நோட்டில் விடைகள் வரிசையாக இருந்தன. அவற்றை அடைந்த வழி பெரும்பாலும் இல்லை. ரெவின்யூ இலாகாவின் கடைநிலை வேலையில் இவரை அமர்த்துவது இந்த அறிவைப் புதைப்பதாகும் என்று கருதிய ஐயர், பரிந்துரைக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். வகுப்பறையிலும் வழி எழுதாத பிள்ளையை மேதை என்று கொண்டாடுவதும், பார்த்து எழுதியவன் என்று தள்ளுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். விடையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதை எடைபோடத் தெரிந்தவர் வேண்டும் என்பதே இந்த வட்டாரத்தின் கணித வரலாறு சொல்லும் பாடம்.

வழியை எழுதிக்காட்டும் பழக்கமே நம்மிடம் அண்மைக் காலத்தது. திண்டிவனமானாலும் விழுப்புரமானாலும் அக்காலத் திண்ணைப் பள்ளியில் கணக்கு வாயிலும் நினைவிலும்தான் இருந்தது. பிள்ளைகள் எண்சுவடியை முறை போட்டுச் சொன்னார்கள். ஒன்றை 320 பங்காக்கிய முந்திரி, 80 பங்காக்கிய காணி, 20 பங்காக்கிய மா வரை பெருக்கல் வாய்ப்பாடு இருந்தது. நிலத்தின் பரப்பை அறியக் குழிமாற்று இருந்தது. நெல் அளப்பவரிடமும் நிலம் அளப்பவரிடமும் கேட்கப்பட்டது விடைதான். காகிதமும் எழுத்துத் தேர்வும் பரவிய பிறகே வழிக்கு மதிப்பெண் வந்தது.

நினைவில் ஓடிய இத்தகைய கணக்குக்கு, விழுப்புரத்துக்கு அருகிலேயே, புதுச்சேரியில், வியப்பான சான்று ஒன்று உண்டு. சென்னை வானியல் ஆய்வகத்தின் பொறுப்பில் முன்பு இருந்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதினார். அந்தக் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டினார். ஆனால் அந்தக் கணக்குக்கு அடிப்படையான வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்பதே வாரனின் கணிப்பு. திருக்கோவிலூர் நோட்டையும் இந்தச் சோழிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் விடை தெரிகிறது, வழி தெரியவில்லை. சோழிகளில் மறைந்திருந்தது வழிவழியாக வந்த நினைவு. நோட்டில் மறைந்திருந்தது புதிதாகக் கண்டுபிடிக்கும் சிந்தனை. வெளியே நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு புலப்படாது.

ராமானுஜனின் விடைகள் வழியே இல்லாமல் கனவில் வந்தவை என்பார்கள். குலதெய்வமான நாமகிரித் தாயார் மீது அவருக்கிருந்த பக்தி உண்மை. ஆனால் காகிதம் வாங்கக் காசில்லாமல் அவர் சிலேட்டில் போட்டுப் பார்த்தார், முழங்கையால் அழித்தார், முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார் என்பதும் உண்மை. அவர் மாணவராக இருந்தபோது படித்த, ஜி.எஸ். கார் எழுதிய கணிதத் தொகுப்பும் பல ஆயிரம் முடிவுகளைச் சுருக்கமாக அடுக்கிய நூல். வழி இருந்தது, சிலேட்டோடு அழிந்தது. 1911இல் கணிதக் கழக இதழில் அவர் கேட்ட புதிர் இதைக் காட்டும். முடிவின்றி ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் வர்க்கமூலங்களின் மதிப்பு என்ன என்று கேட்டார். மாதங்கள் கழிந்தும் விடை வராததால் தாமே சொன்னார்: 3. மூன்றின் வர்க்கம் 1 + 2 × 4. நான்கின் வர்க்கம் 1 + 3 × 5. ஐந்தின் வர்க்கம் 1 + 4 × 6. முதல் வரியின் 4க்குப் பதில் இரண்டாவதன் வர்க்கமூலத்தை வைத்து, இப்படியே தொடர வேண்டியதுதான். மாயமாகத் தோன்றிய விடைக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் படிகள்!

அப்படியானால் வழியைக் கேட்டுத் தேர்வு வைத்தவர்கள்தான் அவரைக் கெடுத்தார்களா? அதுவும் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் அவரைத் தோற்கடித்தது ஆங்கிலம். பச்சையப்பன் கல்லூரியில் உடலியல் போன்ற பாடங்கள். நிரூபணம் வீண் சடங்கு என்பதும் தவறு. 1913இல் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்ன சில முடிவுகள் பிழையாக இருந்தன. உள்ளுணர்வு எங்கே ஏமாற்றுகிறது என்பதை நிரூபணம்தான் காட்டிக்கொடுத்தது. எண்களின் பிரிவினை குறித்து 1918இல் ஹார்டியுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, உள்ளுணர்வும் நிரூபணமும் கூடினால் எதைச் சாதிக்கலாம் என்பதற்குச் சான்று.

எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆகிவிடாது என்று ஆசிரியர்கள் சொல்லலாம். சரிதான். ஐயரைப் போன்ற கணிதரும் எல்லா வகுப்பிலும் இருக்க மாட்டார். ஆனால் அவர் செய்ததில் ஒரு பகுதி எவராலும் ஆகக்கூடியது: தீர்ப்புக்கு முன் நோட்டைப் படிப்பது, தமக்கு எட்டாததை எட்டுகிறவரிடம் அனுப்புவது. இன்று விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு மாணவி விடையை மட்டும் எழுதினால் ஸ்டெப் மார்க்கை வெட்டுவதற்கு முன் எண்களை மாற்றி இன்னொரு கணக்குக் கொடுங்கள். எப்படி வந்தது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். மனப்பாடம் என்றால் அங்கே தடுமாறும். சிந்தனை என்றால் வழி தானே வெளிவரும். அதை எழுதப் பழக்குவதுதான் ஆசிரியரின் வேலை.